எழுதாமல் விட்டது

சீரிஸ் குறுங்கோள். வடமேட்டு நீர் நிலையம். மருத்துவப் பதிவேடு.
எழுதுபவர்: சபியா, நிலைய மருத்துவர்.

நாள் 311. காலை 07:10

காற்றழுத்தம் சரி. கரியமில வாயு 0.4 விழுக்காடு. உள் வெப்பம் 19 டிகிரி. நேற்று பனிப்பாறையிலிருந்து எடுத்த தண்ணீர் 310 லிட்டர். நிலையத்தில் மூன்று பேர். மூவரும் உயிரோடு இருக்கிறோம். மீட்புக் கப்பல் வர இன்னும் 96 நாள்.

இதை யார் படிப்பீர்கள் என்று தெரியவில்லை. கப்பலில் வரும் மருத்துவராக இருக்கலாம். அதனால் எங்களைப் பற்றி ஒரு முறை தெளிவாக எழுதிவிடுகிறேன். திரும்பத் திரும்ப எழுதத் தெம்பில்லை.

லூர்து ரொட்ரிகோ. வயது 57. தூத்துக்குடிக்காரர். நிலையத்தின் எல்லா இயந்திரங்களுக்கும் பொறுப்பாளர். இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே மூளையின் முனை சுருங்கிக்கொண்டு வருகிறது. மறதி நோய் என்றால் எல்லோரும் நினைப்பது இதையல்ல. நேற்று என்ன சாப்பிட்டார், போன மாதம் எந்த விளக்கு எரியாமல் போனது என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது. சொற்களுக்குள் இருந்த பொருள்தான் போகிறது.

தயாளினி. வயது 38. பருத்தித்துறை. பனிப்பாறையைத் துளைக்கும் பொறிகளை இயக்குபவள். நாள் 248 அன்று வெளியே வேலை செய்துகொண்டிருந்தபோது அவளுடைய விண்ணுடுப்பில் ஆக்சிஜன் நின்றுவிட்டது. ஆறு நிமிடம். உயிர் பிழைத்தாள். புதிய நினைவுகளைச் சேர்த்துவைக்கும் இடம் மூளையில் செத்துவிட்டது. எல்லாச் சொல்லும் பொருளோடு இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு முன்னால் நடந்தது மட்டும் இல்லை.

சபியா. வயது 49. மேலப்பாளையம். எனக்கு நோய் ஒன்றும் இல்லை. களைப்பு.

முன்பு எங்களோடு இருந்த நால்வர் நாள் 180ல் வந்த கப்பலில் ஊர் திரும்பிவிட்டார்கள்.

நாள் 312. பிற்பகல் 15:30

வாராந்திரச் சொல் சோதனை. இருபது படங்கள். லூர்து அண்ணாச்சிக்கு முதலில்.

ஒட்டகப் படம். நாள் 262ல் இதைக் குதிரை என்றார். நாள் 285ல் மாடு. இன்று நாய்.

படத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஒட்டகம் எங்க இருக்கும் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஒட்டகமா? அப்டின்னா என்னதும்மா?"

வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கவில்லை. நான் ஏதோ வெளிநாட்டுச் சொல்லைச் சொன்னதுபோல ஆவலாகக் கேட்டார். அவருக்குச் சொல் நாக்கு நுனியில் நிற்கவில்லை. சொல்லே இல்லை. ஒட்டகம் என்ற விலங்கும் இல்லை.

பிறகு தயாளினி. இருபதுக்கு இருபது. ஒரு நிமிடத்தில் 26 விலங்குகளின் பெயர் சொன்னாள். ஆமைக்கும் முதலைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"ஆமைக்கு ஓடு, முதலைக்குப் பல்லு. ரெண்டும் முட்டை போடும். என்ன டொக்டர், சின்னப்பிள்ளையளைக் கேக்கிற மாதிரிக் கேக்கிறீங்கள்?"

சிரித்தாள். பதினைந்து நிமிடம் கழித்து அதே கேள்வியைக் கேட்டேன். அதே பதில், அதே குறை, அதே சிரிப்பு.

புதுச் சொல் மட்டும் அவளுக்குள் போவதில்லை. நாள் 260ல் தலைமையகம் தீ எச்சரிக்கைக்கு 'செங்கோடு' என்று புதுப் பெயர் வைத்தது. நூறு முறையாவது சொல்லியிருப்பேன். "செங்கோடோ? அது என்ன?" என்றுதான் இன்றைக்கும் கேட்கிறாள். அவள் அகராதி நாள் 248ல் அச்சாகி முடிந்துவிட்டது. அண்ணாச்சியின் அகராதியில் தினமும் யாரோ தாள்களைக் கிழிக்கிறார்கள்.

நாள் 319. காலை 11:00

தலைமையகத்திலிருந்து செய்தி. பூமியிலிருந்து வர இருபத்தாறு நிமிடம் ஆகியிருக்கிறது.

"லூர்து ரொட்ரிகோ பராமரிப்புப் பணியிலிருந்து நீக்கப்படுகிறார். கருவிகளைத் தொட அவரை அனுமதிக்க வேண்டாம்."

"அப்படியானால் யார் தொடுவது?" என்று பதில் அனுப்பினேன்.

மாலை 17:40

பதில்: "ஆலோசனையில் உள்ளது."

நாள் 327. மதியம் 13:15

அண்ணாச்சி பற்பசையால் கை கழுவினார். பசை என்று தெரியவில்லை. சோப்பு என்றும் தெரியவில்லை. வாசமாக இருக்கிறது, நுரைக்கிறது, அவ்வளவுதான்.

சாப்பாட்டில் இனிப்பைத் தவிர எதையும் தொடுவதில்லை. கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுப்பதில்லை. 12:30க்கு உணவு மேசைக்கு வந்துவிடுகிறார். 12:31க்கு நான் தட்டு வைத்தால் முகம் மாறுகிறது. எல்லாம் இந்த நோயில் எதிர்பார்ப்பவைதான்.

ஆனால் எண் போகவில்லை. பதினேழையும் இருபத்து மூன்றையும் பெருக்கச் சொன்னால் மனக்கணக்காக முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று என்கிறார். எண்ணும் சொல்லும் மூளையில் ஒரே வீட்டில் குடியில்லை.

தயாவின் இடுப்பில் ஒரு குறிப்பேடு கட்டியிருக்கிறது. முதல் பக்கம் அவள் கையெழுத்தில்: 'நீ சீரிஸில இருக்கிறாய். விபத்து நடந்தது. உனக்கு ஞாபகம் நிக்காது. பயப்பிடாத. டொக்டரைக் கேள்.' தினமும் காலையில் வாசிக்கிறாள். தினமும் என்னைக் கேட்கிறாள்.

உடுப்பில் கோளாறு என்று சொல்லுவேன். "வேற ஆருக்கும் ஒண்டும் ஆகேல்லையே?" என்பாள். இல்லை என்பேன். அவள் முகம் தெளியும்.

எழுபத்தொன்பது காலைகள். அந்த முகம் தெளிவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நாள் 334. மாலை 16:20

அண்ணாச்சியின் அப்பா தூத்துக்குடியில் மீன்பிடிப் படகு வைத்திருந்தவர். இங்கே வந்த புதிதில் சாப்பாட்டு மேசையில் மீன் பேச்சுதான். சீலா, பாறை, விளமீன், நெத்திலி, சாளை. எதை வறுக்கலாம், எதைக் குழம்பு வைக்கலாம் என்று எனக்குப் பாடம் எடுப்பார். நாங்கள் மூடி திறந்து சாப்பிட்டதெல்லாம் டப்பாச் சோறு.

அந்தப் பெயர்கள் முதலில் போயின. எல்லாம் வெறும் மீன் ஆயிற்று. பிறகு மீனும் கோழியும் ஒன்றாயின. இந்த நோயில் எப்போதும் நுனியிலிருந்து அடி நோக்கித்தான் அழியும். குறிப்பான சொல் முதலில், பொதுச்சொல் கடைசியில்.

இன்று கடல் படத்தைக் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாருக்கும்மா. நீலமா கெடக்கு. என்னதும்மா இது?"

"கடல் அண்ணாச்சி."

"கடல்." நாக்கில் போட்டுப் பார்த்தார். "கடல்னா?"

சோதனையை அத்துடன் நிறுத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தயா அழுதாள். பத்து நிமிடத்தில் கன்னம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள்.

நாள் 347. காலை 08:05

காற்றுச் சுத்திகரிப்பான் நின்றுவிட்டது. நாங்கள் விடும் கரியமில வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் இயந்திரம். இது இல்லாவிட்டால் எங்கள் மூச்சே எங்களைக் கொல்லும். அளவு 0.9.

09:30

அளவு 1.3. தலைமையகம் பழுதின் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது. உள்ளே ஒரு பம்ப் எரிந்துபோயிற்று. அதைச் சுற்றிப் புதிதாகக் குழாய்வழி போட வேண்டும். 64 படிகள். எல்லாம் பாகங்களின் பெயர். பின்னழுத்த வால்வு, வடிகுழல், திருப்புவளையம். எனக்கு எதுவும் எதுவென்று தெரியவில்லை.

அண்ணாச்சியிடம் வாசித்துக் காட்டினேன். தலையாட்டினார். "எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா," என்றார். ஒரு சொல்லும் அவருக்குள் போகவில்லை.

10:50

அளவு 1.8. தலை வலிக்கிறது. நானே திறக்கப் பார்த்தேன். தவறான திருகைக் கழற்றிவிட்டேன். அண்ணாச்சி என் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கி அதைத் திரும்ப மாட்டினார். இரண்டு விநாடி. கைக்குத் தெரிகிறது. அந்தக் கைக்குச் செய்தி கொண்டுபோக ஆள் இல்லை.

11:25

ஒரு யோசனை.

துளைக்கும் பொறிகளிலும் இவையே என்பதால் தயாவுக்கு எல்லாப் பாகத்தின் பெயரும் தெரியும். அவளிடம் ஒட்டுத்தாள்களைக் கொடுத்து, ஒவ்வொரு பாகத்தின் மேலும் ஓர் எண் எழுதி ஒட்டச் சொன்னேன். பின்னழுத்த வால்வு 7. வடிகுழல் 12. திருப்புவளையம் 31. நடுவில் இரண்டு முறை "நான் என்ன செய்யிறன் இஞ்ச?" என்று கேட்டாள். ஒட்டிய தாள்களைக் காட்டினேன். தொடர்ந்தாள்.

பிறகு அவள் தலைமையகத்தின் படியை வாசித்து எண்ணாக மாற்றிச் சொன்னாள்: "அண்ணை, ஏழு. ரெண்டு சுத்து. இடப்பக்கம்." இடம் என்ற சொல்லும் அவரிடம் இல்லை. அவள் தன் கையைச் சுழற்றிக் காட்டினாள்.

அவர் ஏழைத் திருகினார்.

14:40

அளவு 2.9. இருபத்தாறாவது படி. தயாவுக்கு எந்தப் படியில் நிற்கிறோம் என்பது போய்விட்டது. நானும் தாளைத் தவறவிட்டேன். கண் மங்கலாக இருக்கிறது. அண்ணாச்சி விரலை நீட்டி, "இருவத்தாறு. இருவத்தாறு முடிஞ்சிட்டு," என்றார். அவருக்குத்தான் எல்லாம் நினைவிருக்கிறது.

அவளிடம் சொல் இருக்கிறது. அவரிடம் நடந்தது இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு முழு ஆள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

18:50

அளவு 3.8. அறுபத்து நான்கு. பொத்தானை அமுக்கினார். ஓடுகிறது.

மூவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். தயா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கெட்டிக்காரன் அண்ணை," என்றாள். அவர் சிரிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து அவளை இழுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். விண்ணுடுப்புகள் மாட்டியிருக்கும் அறை.

மீதியை நாளை எழுதுகிறேன். எழுத வேண்டும்.

நாள் 348. காலை 09:15

கரியமில வாயு 0.7. இறங்குகிறது.

நேற்று நடந்தது இது. அண்ணாச்சி தயாவின் உடுப்பை எடுத்தார். முதுகில் இருக்கும் மாற்று வால்வின் மேல் அவள் விரலை வைத்தார். முதன்மைக் கலன் தீர்ந்தால் இரண்டாவது கலனிலிருந்து ஆக்சிஜன் தரும் வால்வு அது. வெளியே போகுமுன் திறந்து வைக்க வேண்டும். அவள் விரலால் அதைத் தொட வைத்துவிட்டு, மறு கையால் தன் நெஞ்சில் அடித்துக்கொண்டார். திரும்பவும் வால்வு. திரும்பவும் நெஞ்சு. "அன்னைக்கு," என்றார். "நான். இது. நான்." அதற்கு மேல் சொல் இல்லை.

தயா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன சொல்லுறார்? அண்ணையே மூடி வச்சவர்?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே அப்போது தெரியாது.

11:40

நாள் 248ன் குரல் பதிவைத் தேடி எடுத்துக் கேட்டேன். வெளியே போகுமுன் தயா உடுப்புக்குள் இருந்து கேட்கிறாள்:

"அண்ணை, மாற்று வால்வு திறந்தோ கிடக்கு?"

நான்கு விநாடி ஒன்றும் இல்லை.

"ஆமா தங்கச்சி. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

பொய் சொல்லவில்லை. வால்வு மூடியிருந்தது உண்மைதான். ஆனால் அன்றைக்கே அவருக்கு 'மாற்று' என்பதும் 'திறந்து' என்பதும் வெறும் ஓசை. கேள்வி என்று குரலின் ஏற்றத்திலிருந்து தெரிந்திருக்கும். கேள்விக்கு எப்போதும் சொல்லும் பதிலைச் சொல்லியிருக்கிறார். அவள் போன பிறகு நடந்ததை எல்லாம் பார்த்திருக்கிறார். எதற்குத் தலையாட்டினோம் என்று பிறகு புரிந்திருக்கிறது. சொல்ல முடியாமல் நூறு நாள் வைத்திருந்திருக்கிறார்.

நாள் 349. காலை 10:00

இன்று இன்னொரு கோப்பைத் திறந்தேன். என்னுடையது.

நாள் 190, லூர்து ரொட்ரிகோ, வழக்கமான பரிசோதனை. ஒரு நிமிடத்தில் விலங்குப் பெயர்கள். முன்பு 22. அன்று 11. ஒலிப்பதிவில் கேட்கிறது: "மாடு, ஆடு, நாய்... அந்தப் பெருசா, மூக்கு நீளமா இருக்குமே டாக்டரம்மா, அது." யானையைச் சொல்ல வராமல் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன். என் சிரிப்பு நன்றாகக் கேட்கிறது.

கீழே என் கையெழுத்து: 'சோர்வு. கூடுதல் ஓய்வு தேவை.'

பாதியாகக் குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூளையைப் படமெடுக்க வேண்டும். பொறுப்பிலிருந்து விலக்க வேண்டும். நான்கு பக்கப் படிவம் அனுப்ப வேண்டும். அன்று எனக்குத் தலைவலி. நால்வர் போய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவர்கள் வேலையும் எங்கள் தலையில். சாப்பாட்டு நேரம் வேறு. அவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டு நிற்கிறார். சோர்வு என்று எழுதினேன். யாருடைய சோர்வு என்று எழுதவில்லை.

ஐம்பத்தெட்டு நாள் கழித்து அவள் வெளியே போனாள்.

நாள் 356. காலை 10:25

அண்ணாச்சி தினமும் சரியாகப் பத்து மணிக்குத் தயாவின் கையைப் பிடித்து உடுப்பறைக்குக் கூட்டிப்போகிறார். வால்வு. நெஞ்சு. "நான். இது."

அவள் மறந்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும் என்றே நினைக்கிறேன். நேற்று சொன்னது அவளிடம் நிற்கவில்லை என்பதால்தான் இன்றும் சொல்கிறார். சொன்ன கணக்கில் சேர வேண்டும் என்றால் கேட்டவளிடம் அது இருக்க வேண்டும் அல்லவா?

அவளுக்கு ஒவ்வொரு நாளும் முதல் நாள். நாள் 350ல் அவரைக் கன்னத்தில் அறைந்தாள். 351ல் தரையில் உட்கார்ந்து அழுதாள். 353ல், "விடுங்கோ அண்ணை, நானும் ஒருக்காப் பாத்திருக்கவேணும்," என்று அவரைத் தேற்றினாள். நேற்று ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். ஒரே ஆள், ஒரே செய்தி. நல்ல மனுஷி மன்னிப்பாள், கெட்ட மனுஷி மன்னிக்கமாட்டாள் என்று நினைத்திருந்தேன். ஆனால் அது அன்று காலையில் எப்படித் தூங்கி எழுந்தாள் என்பதைப் பொறுத்திருக்கிறது.

இன்று உடுப்பறையைப் பூட்டினேன். இருவருக்கும் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் பூட்டிய கதவின் முன்னால் நின்றார். பத்தே காலுக்கும் நின்றார். 10:22க்குத் திறந்துவிட்டேன்.

நாள் 364. காலை 10:15

இன்று தயா கோபப்பட்டாள், பிறகு அமைதியானாள். பிறகு என்னிடம், "டொக்டர், இவர் எனக்கு இதை எத்தினை தரம் சொன்னவர்?" என்று கேட்டாள்.

"இதோடு பதினேழு."

"பதினேழு தரமோ?" அண்ணாச்சியை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் வியர்த்துப்போய் நின்றார். "ஐயோ பாவம் மனுசன்."

உடனே குறிப்பேட்டை எடுத்து எழுதினாள். மறந்துபோகுமுன் எழுத வேண்டும் என்ற அவசரம் கையில் தெரிந்தது. எனக்குக் காட்டினாள்: 'வால்வு மூடிக் கிடந்தது. அண்ணைக்கு அண்டைக்கே சொல்லு விளங்கேல்ல. அவர் வந்து கையைப் பிடிச்சால், தெரியும் எண்டு சொல்லு. கோவிக்காத. நீ ஏற்கனவே கோவிச்சு முடிஞ்சுது.'

நாள் 365. காலை 10:05

அவர் வந்து கையைப் பிடித்தார். அவள் மறு கையை அவர் கைமேல் வைத்து, "தெரியும் அண்ணை," என்றாள்.

சொல் அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. குரல் புரிந்தது. உடுப்பறைப் பக்கம் இரண்டு அடி வைத்தார். அவள் நகரவில்லை. நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார்.

பிறகு அவராகவே போய் உணவு மேசையில் உட்கார்ந்தார்.

நாள் 366. காலை 10:30

பத்து மணிக்கு அவர் வரவில்லை. இருக்கையில் உட்கார்ந்து எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

நான்தான் உடுப்பறைக் கதவருகே நின்றுகொண்டிருந்தேன்.

நாள் 379. மதியம் 14:00

தலைமையகம்: "நாள் 248 விபத்தின் காரணம் குறித்து மருத்துவர் அறிக்கை இன்னும் வரவில்லை. கப்பல் சேருமுன் அனுப்பவும்."

எல்லாவற்றையும் எழுதினேன். நாள் 190ன் சோதனை, 22, 11, தலைவலி, சிரிப்பு. ஒலிப்பதிவையும் சேர்த்தேன். அனுப்பினேன்.

15:10

பதில்: "பெறப்பட்டது."

அவ்வளவுதான். என்ன எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. யாராவது கத்துவார்கள் என்று நினைத்தேன் போல. பதினேழு முறை அறை வாங்கவும் அழுகை பார்க்கவும் தயாராக நின்ற மனிதர் பக்கத்து அறையில் இருக்கிறார். அவரிடம் மூன்று சொல்தான் இருந்தது. என்னிடம் எல்லாச் சொல்லும் இருந்தது. நான் அதை நாற்பத்தேழு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாள் 388. மாலை 16:45

தயாவிடம் சொன்னேன்.

ஒன்பது நாள் தள்ளிப்போட்டேன். நாள் 190ல் எனக்குத் தெரிந்திருந்தது என்றேன். தெரிந்தும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அண்ணாச்சி அன்றைக்கு உன் உடுப்பைச் சோதித்திருக்கமாட்டார். தினமும் காலையில் 'உடுப்பில் கோளாறு' என்று உன்னிடம் சொல்லிவந்தேன். அதுவும் முழுப் பொய் இல்லை, உண்மையும் இல்லை.

நேரம் ஓடுகிறதே, அவள் மறந்துவிடுவாளே என்று வேகவேகமாகச் சொன்னேன். நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அவள் கத்தவில்லை. "ஏன் டொக்டர் எழுதேல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"களைப்பாக இருந்தது."

"களைப்போ."

"ஆமாம்."

"எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்," என்றாள். "அவளுக்கு இப்ப எத்தினை வயசு?"

"பதினொன்று. போன மாதம் பிறந்தநாள். வாழ்த்துச் செய்தி அனுப்பினாய்."

"அனுப்பினனானோ." ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்தாள். "அவள் வளந்து சொல்லப்போறதெல்லாத்தையும் நான் பத்து நிமிசந்தான் வச்சிருப்பன். என்ன?"

 

குறிப்பேட்டைத் திறந்தாள். பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். அவளுடைய பத்து நிமிடத்தில் பாதி அதிலேயே போயிற்று. பிறகு ஏதோ எழுதி மூடினாள். எனக்குக் காட்டவில்லை. சிறிது நேரம் கழித்து நிமிர்ந்து, "டொக்டர், ஏன் முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? சாப்பிட்டனீங்களோ?" என்றாள்.

நாள் 389. காலை 07:30

தயா குறிப்பேட்டை வாசித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"டொக்டர், நீங்கள் எனக்கு என்ன சொன்னனீங்கள்?"

புரியவில்லை என்றேன். பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அவள் கையெழுத்து:

'டொக்டர் இண்டைக்கு ஒண்டு சொன்னவ. கேட்டிட்டன். என்னெண்டு எழுதேல்ல. எழுதினால் ஒவ்வொரு நாளும் வாசிச்சு அவவை வெறுப்பன். அது எனக்கு வேண்டாம். அறிய வேணுமெண்டால் அவவையே கேள்.'

சொன்னேன். இரண்டாவது முறை. இன்று அவள் அழுதாள்.

நாள் 391. காலை 07:40

"டொக்டர், நீங்கள் எனக்கு என்ன சொன்னனீங்கள்?"

"பெரிதாக ஒன்றும் இல்லை தயா. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்."

"ஓ." முகம் தெளிந்தது. போய் அண்ணாச்சிக்கு இனிப்புப் பொட்டலம் பிரித்துக் கொடுத்தாள்.

12:50

சாப்பிட முடியவில்லை.

13:05

கூப்பிட்டுச் சொன்னேன். நடுவில் அவள் மறந்துபோனதால் இரண்டு முறை சொல்ல வேண்டியதாயிற்று. காலையில் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். "காலமை நடந்தது எனக்குத் தெரியாது தானே, பிறகேன் சொல்லுறீங்கள்?" என்றாள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். அது உண்மை.

நாள் 398. காலை 08:20

காற்று 0.4. வெப்பம் 19. தண்ணீர் 280 லிட்டர்.

அண்ணாச்சியிடமிருந்து என் பெயர் போய்விட்டது. டாக்டர் என்ற சொல்லும். "அந்தம்மா" என்கிறார். சில நேரம் "அது". ஆனால் நான் காலையில் தயாவிடம் பேசுகிற நேரத்தை எப்படியோ குறித்துவைத்திருக்கிறார். 07:30க்கு வந்து தள்ளி உட்கார்ந்துகொள்கிறார். நான் பேசி முடிக்கும்வரை பார்க்கிறார். ஒரு சொல் புரியாது. முடிந்ததும் எழுந்துபோகிறார்.

நேற்று போகும்போது என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

தயாவின் பதில்கள், வரிசையாக: அழுகை. அழுகை. கோபம். "போங்கோ." சிரிப்பு. சிரிப்புதான் கஷ்டம். "சரி, பரவாயில்லை." ஒன்றும் இல்லை. "என்ர மகளுக்குச் சொன்னனீங்களோ?" இல்லை என்றேன். "சொல்லாதேங்கோ." இன்றைக்கு, "உங்களுக்கு என்ன, சொல்லி முடிச்சிடலாம் எண்டு நினைக்கிறீங்களோ?" என்று கேட்டாள்.

முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

நாள் 406. மாலை 17:00

கப்பலிலிருந்து செய்தி: "வடமேட்டு நிலையம், நாளை காலை 09:40க்கு இணைகிறோம். மருத்துவர் சபியா, இரண்டு மருத்துவர்கள் எங்களோடு இருக்கிறார்கள். நீங்கள் இனி ஓய்வெடுக்கலாம்."

காற்று சரி. வெப்பம் 18. மூவரும் உயிரோடு.

இந்தப் பதிவேட்டை உங்களிடம் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒப்படைப்பேன். லூர்து அண்ணாச்சிக்கு 12:30க்குச் சாப்பாடு, ஒரு நிமிடம் தள்ளாமல். எண்ணால் பேசுங்கள். கையால் காட்டுங்கள். பேசும்போது முகத்தைப் பாருங்கள். சொல் போனவர், ஆள் போகவில்லை.

தயாளினி காலையில் ஏழரை மணிக்குக் குறிப்பேட்டை வாசிப்பாள். கப்பலில் வேறு அறை, வேறு முகங்கள் என்பதால் கொஞ்சம் பயப்படுவாள். பிறகு அந்தப் பக்கத்துக்கு வருவாள். 'டொக்டர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, வெள்ளை உடுப்பில் நிற்கும் உங்களில் யாரையாவது கேட்கக்கூடும்.

இதைப் படித்துவிட்டீர்கள். உங்களுக்கு இப்போது தெரியும். தயவுசெய்து நீங்கள் சொல்லிவிடாதீர்கள். நான் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்புங்கள். என் அறைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அவள் என்னைத்தான் கேட்க வேண்டும்.